ஆறு வாரம் இசை படித்தேன், காதில் விழுந்தது ஜிங்கிள் மட்டும்: ஓர் ஊடக ஆய்வு வகுப்பு பற்றி

12 வாரம் ஓடும் இணைய வகுப்பு. முதல் ஆறு வாரம் தொலைக்காட்சி நாடகத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, அடுத்த ஆறு வாரம் பாப் இசையில் பின்நவீனத்துவம். போன வாரம்தான் கடைசிக் கட்டுரையை அனுப்பி முடித்தேன், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நடத்தும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறைகள் அவர்களிடம் மட்டும் இருப்பவை என்று எனக்குத் தோன்றவில்லை, பாடத்திட்டம் போடும் விதத்திலேயே இருக்கின்றன. முடிவையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்: முதல் பாதிக்கு ஐந்துக்கு ஐந்து, இரண்டாம் பாதிக்கு இரண்டு, அதுவும் தாராள மனசோடு.

நான் ஊடகத் துறை ஆள் இல்லை. ராத்திரி இரண்டு எபிசோட் பார்த்துவிட்டுத் தூங்குகிறவன், பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்கிறவன், அவ்வளவுதான். ஒரு காட்சி ஏன் பிடித்துப்போகிறது என்று யாராவது கேட்டால் "நல்லா எடுத்திருக்காங்க" என்பதைத் தாண்டி என்னிடம் வார்த்தை கிடையாது. அந்த வார்த்தைகளுக்காகத்தான் சேர்ந்தேன்.

முதல் நாள் கோட்பாடு எதுவும் பேசவில்லை. நேராக ஒரு காட்சித்துண்டைப் போட்டார்கள், 4 நிமிடம் 50 விநாடி. என்ன தொடர், யார் இயக்கம், எந்த வருடம், ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் மறைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம் புரிந்தது. மருத்துவமனைத் தாழ்வாரம். மூத்த அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பெண், அவரிடம் வேலை பழகும் இளைஞன் ஒருவன், பின்னால் ஒரு செவிலியர். ஒரு நோயாளியின் அறிக்கை மாறிப்போய்விட்டது, யார் தப்பு என்பதுதான் பேச்சு. இதை நான்கு முறை பார்க்க வேண்டும். முதல் முறை பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை கேமரா எங்கே நிற்கிறது என்பதை மட்டும் குறிக்க வேண்டும். மூன்றாம் முறை திரையை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். நான்காம் முறை, ஒரு ஷாட் வெட்டி அடுத்ததற்கு மாறும் ஒவ்வொரு கட்டுக்கும் மேசையில் ஒரு தட்டு தட்ட வேண்டும்.

சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதல் முறை பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: கம்பீரமான பெண் மருத்துவர், அவருக்குப் பயப்படும் பையன், பரவாயில்லையே, முற்போக்கான தொடர். இரண்டாம் முறை அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. அவர் பேசும் வசனங்களில் பாதிக்கு மேல் நம் கண் இருப்பது அவர் முகத்தில் இல்லை, பையனின் முகத்தில். அவர் திட்டுகிறார், கேமரா அவன் கண்ணுக்கு நேரே க்ளோஸ்-அப்பில் நின்று அவன் எச்சில் விழுங்குவதைக் காட்டுகிறது. அவரைக் காட்டும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்று, அவன் தோளுக்கு மேலாகக் காட்டுகிறது. அதாவது இது அவருடைய கதையே இல்லை, அவனுக்கு நடக்கும் ஒரு சம்பவம். வசனம் அவருக்கு, கேமரா அவனுக்கு. மூன்றாம் முறை திரையை மூடிக் கேட்டபோது, இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் பீப் சத்தம் காட்சி முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதையும், அறிக்கை மாறிய உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு வரியைச் சொன்னது செவிலியர் என்பதையும் கவனித்தேன். மறுபடி படத்தோடு பார்த்தால் அந்த வரியின்போது அவர் திரையிலேயே இல்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறார், ஆனால் ஒரு தடவைகூட ஃபோகஸில் இல்லை. மங்கலான நீல உடுப்பு ஒன்று, அவ்வளவுதான்.

மேசையில் தட்டியது 61. அதில் கடைசி ஒரு நிமிடத்துக்கு மூன்றே மூன்று.

இதை எல்லாம் நாமே கண்டுபிடித்த பிறகுதான் ஆசிரியர் பெயர் வைக்க ஆரம்பித்தார். கேமரா, படத்தொகுப்பு, ஒலி, காட்சியமைப்பு என்று நான்கு. காட்சியமைப்பு என்றால் உடை, ஒளி, அரங்கப் பொருள், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எல்லாம் சேர்த்து. கதைக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும் ஒலி ஒரு வகை, நமக்கு மட்டும் கேட்கும் பின்னணி இசை இன்னொரு வகை. அடுத்த காட்சியின் சத்தம் முன்கூட்டியே வந்துவிட்டால் அது ஜே-கட், இந்தக் காட்சியின் சத்தம் அடுத்ததற்குள் வழிந்தால் எல்-கட். தொகுப்பு மென்பொருளில் படமும் ஒலியும் வெட்டுப்பட்டு நிற்கும் வடிவம் அந்த எழுத்துகளைப் போல இருப்பதால் வந்த பெயர்கள். அந்த பீப் சத்தம் அடுத்த காட்சிக்குள் போய் லிஃப்ட் மணியாக மாறுகிறதே, அதற்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காட்சி பெண்ணை, வயதை, வர்க்கத்தை எப்படிச் சித்தரிக்கிறது? செவிலியர் ஏன் மங்கலாகவே இருக்கிறார் என்பதற்கு "கேமராமேன் அப்படி வைத்துவிட்டார்" என்பது பதில் இல்லை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

கோட்பாட்டாளர்களும் வருகிறார்கள், ஆனால் அளவாக. ஸ்டுவர்ட் ஹால் 1973-ல் பர்மிங்காமில் எழுதிய கட்டுரைக்கு ஒரு முழு வாரம். படைப்பவர் ஒரு பொருளை ஏற்றி அனுப்புகிறார், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்த்தும் படிக்கலாம் என்பது அவர் வாதம். எங்கள் விவாத அறையில் உண்மையிலேயே செவிலியராக வேலை செய்யும் ஒருவர் இருந்தார். முதல் முறை பார்த்தபோதே அவருக்குக் கோபம் வந்ததாம். எங்களுக்கு நான்கு முறை தேவைப்பட்டது. ஹால் சொன்ன எதிர்ப்பு வாசிப்புக்கு இதைவிட நல்ல உதாரணத்தை அந்த வகுப்பே கொடுக்கவில்லை. லாரா மல்வி 1975-ல் எழுதிய ஆண் பார்வை (பெண்ணை ஆணின் கண்ணால் காட்டுவது) பற்றிய கட்டுரையும் வந்தது, ஆனால் அது சினிமாவுக்கு எழுதப்பட்டது, இருட்டு அரங்கில் பெரிய திரையைப் பார்ப்பவரை மனதில் வைத்து எழுதியது. வீட்டில் துணி மடித்துக்கொண்டே தொடர் பார்க்கும் ஆளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். ரேமண்ட் வில்லியம்ஸின் 'ஓட்டம்' என்ற கருத்தை ஒரே ஸ்லைடில் முடித்துவிட்டார்கள், அது எனக்கு வருத்தம். மனிதர் கப்பலில் ஒரு வாரம் பயணம் செய்து மயாமி போய் இறங்கி, ராத்திரி ஒரு படத்தைப் போட்டுப் பார்க்கிறார். நடுவில் விளம்பரம், வேறு படங்களின் முன்னோட்டம், எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் இருந்துதான் தொலைக்காட்சி என்பது தனித்தனி நிகழ்ச்சிகளின் வரிசை இல்லை, ஒரே ஓட்டம் என்று 1974-ல் புத்தகத்தில் எழுதினார். ஒரு எபிசோட் முடிந்த ஐந்து விநாடியில் அடுத்தது தானாக ஓடும் இன்றைய செயலிகளை வைத்து இதை ஒரு மணி நேரம் பேசலாம். பேசவில்லை.

ஆனாலும் எடுத்துக்காட்டுகள் அருமை. 'தி வயர்' தொடரில் (2002 முதல் 2008 வரை) பின்னணி இசை ஏறக்குறைய இல்லவே இல்லை, கார் ரேடியோவிலோ கடையிலோ ஓடும் பாட்டுதான் காதில் விழும், சீசன் முடிவில் வரும் தொகுப்புக் காட்சி மாதிரி ஒன்றிரண்டு இடங்களில்தான் அந்த விதியை மீறுகிறார்கள் என்பதைக் காட்டிவிட்டு, இசை இல்லாதபோது யார் நல்லவர் யார் கெட்டவர் என்று நமக்கு யார் சொல்கிறார்கள் என்று ஆசிரியர் கேட்டார். நான் வீடியோவை நிறுத்திவிட்டு யோசித்தேன். 'தி சொப்ரானோஸ்' தொடர் 2007-ல் முடிந்தபோது பாட்டு பாதியில் அறுந்து திரை கறுப்பானதே, அந்தக் கடைசிக் காட்சியை மேசையில் தட்டிக்கொண்டே பார்க்கச் சொன்னார். தட்டிப் பாருங்கள். ஒருவன் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறான், கதவு திறக்கும்போது மணி அடிக்கிறது, அவன் நிமிர்கிறான், அவன் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். இந்த வரிசை கைக்குப் பழகிப்போகிறது. கடைசியில் மணி அடிக்கிறது, நிமிர்கிறான், நாம் பார்க்க வேண்டிய அடுத்த ஷாட்டுக்குப் பதில் கறுப்பு. பல வருடமாக அவன் செத்தானா இல்லையா என்று சண்டை போடுகிறவர்களுக்கு என் கை பதில் சொன்ன மாதிரி இருந்தது.

சரி, இனி இரண்டாம் பாதி.

பின்நவீனத்துவம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு பயமுறுத்தும் வரலாறு உண்டு. சிற்றிதழ் காலத்தில் அந்தச் சொல்லை வைத்து நடந்த சண்டைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், கட்டுரை புரியாவிட்டால் அது பின்நவீனத்துவம் என்று ஒரு கிண்டலே இருந்தது. அதனால் இவர்கள் எளிமையாகச் சொல்வார்கள் என்று ஆசையோடு போனேன். எளிமையாகத்தான் சொன்னார்கள், அதில் குறை இல்லை. லியோதார் 1979-ல் சொன்ன பெருங்கதையாடல்கள் (எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லும் பெரிய கதைகள்) மீதான அவநம்பிக்கை, பொத்ரியார் 1981-ல் எழுதிய அசல் இல்லாத நகல், ஜேம்சன் எண்பதுகளில் எழுதிய பாஸ்டீஷ். இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தமிழில் இன்னும் ஒட்டுகிற சொல் கிடைக்கவில்லை. பகடிக்கு ஒரு இலக்கு உண்டு, யாரையோ சீண்டுகிறது. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களை அடுக்கும்போது முதலில் வைப்பதே எள்ளலைத்தான். அந்த எள்ளலை உருவி எடுத்துவிட்டு வெறும் பாவனையை மட்டும் வைத்தால் அது பாஸ்டீஷ். ஜேம்சன் வார்த்தையில், நகைச்சுவை உணர்வைத் தொலைத்துவிட்ட பகடி. இதுவரைக்கும் நன்றாகவே போனது.

பாடல்களுக்கு வந்ததும்தான் சறுக்கல். மடோனாவின் 'மெட்டீரியல் கேர்ள்' வீடியோ, 1985. பக்கத்தில் 1953-ல் வந்த ஒரு படத்தில் மர்லின் மன்றோ. இரண்டு இளஞ்சிவப்பு கவுன்கள், இரண்டு நிழற்படங்கள், கீழே 'ஊடிழைப்பிரதி', அதாவது ஒரு படைப்புக்குள் இன்னொரு படைப்பு, என்று ஒரு பட்டை. அடுத்த ஸ்லைடு. டேமன் அல்பர்னும் ஜேமி ஹ்யூலெட்டும் 1998-ல் உருவாக்கிய கொரில்லாஸ், கார்ட்டூன் ஆட்கள்தான் இசைக்குழு. பட்டை: 'மிகை யதார்த்தம்', நிஜத்தைவிட நிஜமாகிவிடும் பாவனை. 2007-ல் வெளியான ஹாட்சுனே மிகு, உண்மையில் அது குரல் தொகுக்கும் ஒரு மென்பொருள், ஆனால் மேடையில் கச்சேரி செய்கிறது; பட்டை: 'அசல் இல்லாத நகல்'. அடுத்தது, அடுத்தது. கடையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே போனார்கள். அந்த கவுனைப் போட்ட மடோனா மன்றோவைக் கும்பிடுகிறாரா, கிண்டல் செய்கிறாரா, வெறுமனே கடன் வாங்குகிறாரா? வீடியோவில் அந்தப் பாட்டைச் சுற்றி ஒரு சட்டகக் கதை ஓடுகிறது, அதில் அவர் வைரத்தை விட்டுவிட்டு எளிமையாக வரும் ஆளோடுதான் போகிறார், ஆனால் அந்த ஆள் உண்மையில் பணக்காரர், எளிமை ஒரு வேஷம். அதாவது பாட்டு ஒன்று சொல்ல, வீடியோ அதை மறுக்க, மறுப்புக்கு அடியில் பாட்டு சொன்னதே ஜெயிக்கிறது. செவிலியரின் மங்கலான உடுப்பைப் பற்றி ஒரு வாரம் பேசிய வகுப்பு இதைப் பற்றி ஒரு வாக்கியம் பேசவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது: யாரும் பாட்டைப் போடவில்லை. பாப் இசை பற்றிய ஆறு வாரத்தில் என் காதில் விழுந்த இசை, ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் வரும் அந்த நிறுவனத்தின் நான்கு விநாடி ஜிங்கிள் மட்டும். கேட்டு எழுதினேன். பதிப்புரிமைப் பிரச்சினை, அதனால் ஒலியைச் சேர்க்க முடியவில்லை, நீங்களே தேடிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நியாயம்தான், அவர்கள் கை கட்டப்பட்டிருக்கலாம். என் வயிற்றெரிச்சல் வேறு. பதிப்புரிமை காரணமாகப் பாட்டைப் போட முடியாத ஒரு வகுப்பு, சாம்பிளிங் (பழைய பதிவின் துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பது) பற்றிய இரண்டு வாரத்தில் பதிப்புரிமை என்ற சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை!

எண்பதுகளின் கடைசியில் வந்த சில ஹிப்ஹாப் ஆல்பங்களில் ஒரே பாட்டுக்குள் எத்தனையோ பழைய இசைத்தட்டுகளின் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். பிறகு அந்த அடர்த்தி குறைந்தது. ஏன்? கலைஞர்களுக்குத் தத்துவம் சலித்துப்போனதாலா? 1991-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் பாட்டு ஒன்றைப் பற்றிய வழக்கில், நீதிபதி தன் தீர்ப்பையே "திருடாதே" என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொன்றுக்கும் பணம் என்றாகிவிட்டது. 2004-ல் டேஞ்சர் மவுஸ் என்ற இசைத் தயாரிப்பாளர் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தையும் ஜே-ஸீயின் கறுப்பு ஆல்பத்தையும் கலந்து 'தி கிரே ஆல்பம்' செய்தபோது, பீட்டில்ஸ் பதிவுகளை வைத்திருந்த ஈஎம்ஐ நிறுவனம் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. வகுப்பில் இந்த ஆல்பம் வந்தது, பட்டையோடு. நோட்டீஸ் பற்றிப் பேச்சே வரவில்லை.

இன்னொன்று, சாம்பிள் என்றாலே பாஸ்டீஷ் என்று எழுதிவிட்டார்கள். 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்துக்குப் பதிவு செய்த 'ஆமென் பிரதர்' பாட்டில், கிரிகரி கோல்மன் ஆறேழு விநாடி தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். பல வருடம் கழித்து அந்த ஆறேழு விநாடியைத் துண்டு துண்டாக நறுக்கி, வேகத்தைக் கூட்டி, ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று இசை வகைகளே எழுந்தன. வாசித்தவருக்கு அதில் இருந்து ராயல்டி எதுவும் வரவில்லை. இதில் மேற்கோள் எங்கே இருக்கிறது? நடனமாடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலப் பாட்டு எது என்றே தெரியாது. தெரியாத ஒன்றைக் குறிப்பிடுவது குறிப்பிடலே இல்லை. அது செங்கல் மாதிரி, கட்டுமானப் பொருள். இதே மாதிரி, 1979-ல் வந்த 'ரேப்பர்ஸ் டிலைட்' பாட்டில் ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' பேஸ் வரி சாம்பிள் செய்யப்பட்டது என்று பாடக்குறிப்பில் இருந்தது. கிடையாது. ஒரு பேஸ் கிட்டார்காரரை உட்காரவைத்துத் திரும்ப வாசிக்க வைத்தார்கள், நீண்ட வடிவம் 14 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. இரண்டையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் விரல் வேறு என்பது தெரியும். அதற்குக் கேட்க வேண்டும், அதுதானே பிரச்சினை.

இந்தத் தகராறு புதிதும் இல்லை. இசை வீடியோக்களுக்கான சேனலாக எம்டிவி 1981 ஆகஸ்ட் 1-ல் தொடங்கிய கொஞ்ச வருடத்தில், ஆன் கப்லான் 1987-ல் ஒரு புத்தகம் எழுதி அந்த சேனலே ஒரு பின்நவீனத்துவப் பொருள் என்றார். 1992-ல் ஆண்ட்ரூ குட்வின் அதற்கு மறுப்பு எழுதினார்: இசை வீடியோவைப் படத்தை மட்டும் வைத்துப் படித்தால் துண்டு துண்டாகத்தான் தெரியும், பாட்டோடு சேர்த்துக் கேட்டால் பல்லவியும் தாளமும் அதைக் கட்டி வைத்திருப்பது புரியும் என்பது அவர் வாதத்தின் சாரம். கப்லான் வகுப்பில் இருக்கிறார். குட்வின் கூடுதல் வாசிப்புப் பட்டியலில் பதினேழாவது ஆளாக இருக்கிறார்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. வீடியோ தரம் நல்லது, ஆசிரியர் பேச்சு தெளிவு, தூக்கம் வராது. சக மாணவர்களே மதிப்பெண் போடும் முறை மோசம். நான் 1,500 வார்த்தை எழுதியதற்கு ஒருவர் "நன்று" என்று எழுதிவிட்டுப் போனார், இன்னொருவர் வேறு யாருடைய கட்டுரைக்கோ எழுதிய கருத்தை என்னுடையதில் ஒட்டியிருந்தார். வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும் என்று விளம்பரம் சொல்கிறது, ஆறு இல்லாமல் முடியாது. சான்றிதழ் வந்தது, எங்கே சேமித்தேன் என்று தெரியவில்லை.

கடைசிக் கட்டுரைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். 'ரேப்பர்ஸ் டிலைட்' பாட்டை எடுத்துக்கொண்டு முதல் பாதியில் கற்றுக்கொடுத்த அதே முறையில் நான்கு முறை கேட்டேன்: ஒருமுறை பேனா இல்லாமல், ஒருமுறை பேஸ் மட்டும், ஒருமுறை குரல்கள் மட்டும், கடைசி முறை ஒவ்வொரு குரல் மாற்றத்துக்கும் மேசையில் ஒரு தட்டு. எழுதியது முழுக்க காதில் விழுந்ததைப் பற்றி, கூடவே பாட்டு வெளியான பிறகு ஷிக் ஆட்கள் வழக்குப் போடுவோம் என்று சொல்லித் தங்கள் பெயரைப் பாடலாசிரியர் வரிசையில் சேர்க்க வைத்த கதை. 100-க்கு 58 வந்தது. "கவனிப்பு நுட்பமாக இருக்கிறது, கோட்பாட்டாளர்களை இன்னும் அதிகமாக மேற்கோள் காட்டியிருக்கலாம்" என்று குறிப்பு. முதல் பாதியில் மருத்துவமனைக் காட்சிக்கு எழுதியதற்கு 84, அதில் மேற்கோள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சேரலாமா என்றால், சேருங்கள், இரண்டு பாதியையும் தனித்தனியாக எடுக்கும் வசதி இருந்தால் முதல் ஆறு வாரத்தை மட்டும். தொடர்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள், குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் கட்டாயம். ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள் அந்த நான்கு முறைப் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எந்தக் கருவியும் தேவையில்லை. இரண்டாம் பாதியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நல்ல ஹெட்ஃபோன், வாசிப்புப் பட்டியலில் அந்த பதினேழாவது பெயர், இரண்டையும் முதல் வாரமே கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் பாதி முடித்த பிறகு வீட்டில் யாரோடும் சேர்ந்து தொடர் பார்க்க முடியாது. நான் என்னை அறியாமல் சோபாவின் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருக்கிறேனாம், போன வாரம் என்னை எழுப்பி வேறு நாற்காலிக்கு அனுப்பிவிட்டார்கள்.